கரும்புச் சாற்றைத் தெளியவைக்க எதை வாங்குவது: ஈயத்தூளா, அலுமினியத் தூளா, தூளே வேண்டாத கருவியா?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடலோரத்துச் சர்க்கரை ஆலைகளில் அரவை இருக்காது. உருளைகளைக் கழற்றிப் போட்டு, கொதிகலனைச் சுரண்டி, ஏப்ரலில் புதுக் கரும்பு வந்து இறங்குவதற்குள் எல்லாவற்றையும் மாட்டி முடிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்திலும் அப்போதுதான் வரும் பருவத்துக்கான ரசாயனங்களுக்குப் பட்டியல் போடுவோம். பதினான்கு வருடமாக அந்தப் பட்டியலை எழுதுவது என் வேலை. முதல் வரியில் எப்போதும் ஒரே பொருள்தான்: லெட் சப் அசிடேட். காரீயத்தின் அசிடேட் உப்பு, வெள்ளைத் தூள். ஆலைக்குள் அதற்கு 'லெட்' என்றுதான் பெயர். "இந்தச் சாற்றுக்கு லெட் போட்டாச்சா?" என்று கேட்டால் எங்கள் மேசையில் எல்லாருக்கும் புரியும்.

இந்த வருடம் அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று அலசியதைத்தான் இங்கே சொல்கிறேன். மொரீசியஸிலோ தமிழ்நாட்டிலோ கரும்பு ஆய்வுக்கூடத்தில் நிற்பவர்களுக்கும் இதே கேள்வி வரும்.

கேள்வியைக் கிளப்பியது என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண். ஸ்டாங்கர் பக்கம், பாட்டியிடம் கற்ற தமிழ். போன பருவத்தின் நடுவில் ஒரு நாள், தராசுக்கு முன்னால் நிற்கவேண்டிய நேரத்தில் என் பக்கம் வந்து நின்றார். "அக்கா, மூணு மாசம். இன்னும் யார்கிட்டயும் சொல்லல. இந்தத் தூளைத் தொடலாமா?" என்றார். அன்றே அவரை அந்த மேசையிலிருந்து மாற்றினேன். ஆனால் அதற்கு முன் இரண்டு பருவம் அவர் அதை அள்ளி எடை போட்டிருக்கிறார். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்து வைக்கும். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், எலும்பில் இருப்பது பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். ஆகவே "இனிமேல் தொடாதே" என்பது அவருக்குப் பாதி பதில்தான். தூள் மேசைக்கே வராமல் இருந்திருக்க வேண்டும்.

சரி, இந்தத் தூள் எதற்கு? கரும்பில் எவ்வளவு சர்க்கரை என்று பார்க்கப் போலரிமீட்டரில் சாற்றை வைக்கிறோம். ஒரே தளத்தில் அதிரும் ஒளி சர்க்கரைக் கரைசலின் ஊடே போகும்போது வலப்பக்கம் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் கணக்கு. 26 கிராம் சுத்தமான சர்க்கரையை 100 மில்லிலிட்டராகக் கரைத்து, 200 மில்லிமீட்டர் குழாயில், 20 டிகிரி வெப்பத்தில் பார்த்தால் அளவுகோலில் 100 என்று காட்ட வேண்டும். அந்த எண்ணைப் 'போல்' என்கிறோம். சிக்கல் என்னவென்றால் ஆலையிலிருந்து வரும் சாறு பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி இருக்கும். மெழுகு, பசை, புரதம், மண் எல்லாம் அதில் உண்டு. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி, 589 நானோமீட்டர், அதற்குள் நுழைந்தால் மறுபக்கம் வருவதில்லை. ஒரு சிட்டிகை லெட் போட்டுக் குலுக்கினால் அந்த அழுக்கெல்லாம் திரண்டு கீழே விழும், வடிகட்டினால் வெளிர் மஞ்சளாகத் தெளிந்த நீர் வரும். அந்த அழகை நானும் ரசித்திருக்கிறேன். நூறு வருடத்துக்கு மேலாக உலகமெங்கும் கரும்பு ஆய்வுக்கூடங்கள் அதை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றதிலிருந்து நம் மக்கள் இந்தக் கரும்பை வெட்டினார்கள், சுமந்தார்கள். பேரன் பேத்தி காலத்தில் ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால் அது குடும்பத்துக்கே பெருமை. வெயில் இல்லை, கத்தி இல்லை, முதுகு ஒடியாது. எங்கள் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தாவை மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழாவில் பார்ப்பேன். அவர் காலத்தில் தராசு எல்லாம் கிடையாது, புகையிலை டப்பா மூடிதான் அளவு என்றார். புதிதாகச் சேரும் பையனிடம் "நாக்கில் வைத்துப் பார், இனிக்கும்" என்பார்களாம். அவரும் வைத்துப் பார்த்திருக்கிறார். இனித்ததாம். காரீயத்தின் அசிடேட் உப்புகள் இனிக்கத்தான் செய்யும். அதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னார், எனக்குச் சிரிக்க முடியவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், தமிழ் வீடுகளில் மட்டும் வரும் குழப்பம் இது. "ஈயம்தானே? ரசம் வைக்கிற ஈயச் சொம்பு எங்கள் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறதே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம். எங்கள் பாட்டிலில் இருப்பது காரீயம். பெயரில் பாதி ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்ற சொம்பாக இருந்தால் அதுவும் ஆபத்துதான், அது வேறு கதை.

லெட்டின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். விலை குறைவு. 100 மில்லிலிட்டர் சாற்றுக்கு ஒரு கிராம் அளவே போதும். மொலாசஸை, அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகைக்கூட ஓரளவு தெளியவைக்கும். பழைய பருவங்களின் எண்கள் எல்லாம் இந்த முறையில் எடுத்தவை என்பதால் ஒப்பிடவும் வசதி.

ஆனால் அது தரும் எண் அவ்வளவு சுத்தமானது என்று நினைக்க வேண்டாம். நேட்டாலில் கரும்பைப் பெரும்பாலும் எரித்துவிட்டு வெட்டுகிறார்கள். எரித்த கரும்பு இரண்டு நாள் தாமதித்தால் சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகும். ஃபிரக்டோஸ் ஒளியை இடப்பக்கம் திருப்பும். காரீயம் அந்த ஃபிரக்டோஸோடு பிணைந்து அதன் இழுப்பைக் குறைத்துவிடும், அதனால் போல் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். லெட்டைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் இந்தப் பிழையும் அதிகமாகும். "கையளவு கூடப் போட்டால் நன்றாகத் தெளியும்" என்று பழக்கிவிட்ட மூத்தவர்கள் கண்ணுக்குத் தெளிவைக் கொடுத்தார்கள், கணக்கில் கலங்கலைச் சேர்த்தார்கள். அப்புறம், பாட்டில் மூடி சரியாக இல்லையென்றால் இந்தத் தூள் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட்டாக மாறி வீரியம் இழக்கும். உடனே இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு நூறு மாதிரி, மாதிரிக்கு ஒரு கிராம், பருவத்துக்கு 250 நாள் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோ. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு காரீயமே. இத்தனையும் ஓர் அறைக்குள் வந்து, வடிதாளிலும் வடிநீரிலும், கொஞ்சம் நம் கையிலும் கோட்டிலுமாக வெளியே போகிறது.

அந்தக் 'கொஞ்சம்' எங்கே போகிறது என்று பார்க்க ஈயம் காட்டும் பஞ்சுக் குச்சிகள் வாங்கினேன். சோடியம் ரோடிசோனேட் தடவிய குச்சி. நனைத்துத் துடைத்தால் காரீயம் இருக்கும் இடத்தில் ரோஜா நிறமாகும், நிறைய இருந்தால் சிவக்கும். தராசுத் தட்டு சிவக்கும் என்று தெரிந்ததுதான். இழுப்பறைப் பிடி, பதிவேட்டின் வலது மூலை, கணினியில் எண் விசைகள் எல்லாம் சிவந்தன. கடைசியாக, அடுத்த அறையில் தேநீர் போடும் கெட்டிலின் பிடியைத் துடைத்தேன். பஞ்சு நுனியில் மெல்லிய ரோஜா நிறம் பரவியது. அந்த அறைக்குள் லெட் பாட்டிலை யாரும் ஒருநாளும் கொண்டுபோனதில்லை. கையோடு போயிருக்கிறது. மதியத்தில் அதே அறையில்தான் நாங்கள் பன்னி சாவ் வாங்கி வந்து, ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக் கையால் சாப்பிடுகிறோம். நிறம் மாறாத இடங்களில் ஈயமே இல்லை என்றும் சொல்ல முடியாது, அந்தக் குச்சிக்கு எட்டாத அளவில் இருக்கலாம்.

காரீயத் தூளின் ஆபத்து அமிலம் மாதிரி கிடையாது. அமிலம் பட்டால் உடனே சுடும், அதனால் பயம் தானாக வரும். இது மூச்சிலும் வாயிலுமாக உள்ளே போய், வயிற்று வலி, களைப்பு, ரத்தச்சோகை, மலச்சிக்கல் என்று வேறு நோய்களின் முகத்தோடு வரும். சிறுநீரகம், நரம்பு, ஆண் பெண் இருவரின் கருவளம், எல்லாவற்றையும் தொடும். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு உடலில் சேரும் என்றால், சின்னப் பிள்ளைகளுக்கு அது பாதியை எட்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் தீங்கில்லை என்றும் அவர்கள் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோலை 2006 தொடக்கத்தோடு நிறுத்தினார்கள். தெருக்காற்றிலிருந்து போன பொருளை வேலைக் கோட்டில் ஒட்டி வீட்டுக் குழந்தையிடம் கொண்டுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது மாற்றுகள்.

முதலாவது, அலுமினியம் சார்ந்த தூள். ஆக்டாபோல் என்ற பெயரில் கிடைப்பது இந்த வகை. அலுமினியம் குளோரோஹைட்ரேட், சுண்ணாம்பு, களிமண் வகையான பென்டோனைட், துகள்களைத் திரட்டும் பாலிமர் ஆகியவை இதில் சேரும். வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளில் இருக்கும் அதே அலுமினிய உப்புதான், வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். பழைய வேலையை அப்படியே செய்யலாம்: போடு, குலுக்கு, வடிகட்டு, படி. புதுக் கருவி வேண்டாம், புதுப் பயிற்சியும் பெரிதாக வேண்டாம். இதுதான் இதன் பெரிய பலம்.

குறை என்னவென்றால் லெட்டைவிட அதிகமாகப் போட வேண்டும், வடிவதற்கு நேரம் எடுக்கும், மொலாசஸில் திணறும். நான் இரண்டு வாரம் ஒவ்வொரு பத்தாவது மாதிரியையும் இரண்டு தூளிலும் போட்டுப் பார்த்தேன். புதுக் கரும்பில் இரண்டு எண்ணும் கைகோத்துப் போயின. நாள்பட்ட கரும்பில் லெட் பக்கம் உயர்ந்தது, மேலே சொன்ன ஃபிரக்டோஸ் காரணத்தால் அது எதிர்பார்த்ததே. ஆபத்தே இல்லாத தூள் என்றும் எண்ணக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் கருவிழியையே அரித்துவிடும். சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளை ஊரில் கண் மருத்துவர்களுக்குத் தெரியும். பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி கட்டாயம், கண் கழுவும் குழாய் பத்தடிக்குள் இருக்க வேண்டும், விழுந்தால் தேய்க்காமல் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் இந்த ஆபத்து அந்த நொடியில் தெரியும், அந்த மேசையோடு முடியும். எலும்பில் போய் இருபது வருடம் உட்காராது.

இரண்டாவது, அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் போலரிமீட்டர். நான் அதிக நாள் மல்லுக்கட்டியது இதோடுதான். கரும்புச் சாற்றின் பழுப்பு நிறம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும், 880 நானோமீட்டர் பக்கத்து அகச்சிவப்பை அவ்வளவாகத் தொடாது. ஆகவே நிறத்தை நீக்கவே வேண்டாம், கலங்கலை மட்டும் வடித்தால் போதும். தெளியவைக்கும் ரசாயனம் என்ற பேச்சே எழாது. இக்கும்சா, அதாவது சர்க்கரை ஆய்வு முறைகளை உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆக்க 1897-ல் தொடங்கிய அமைப்பு, கச்சாச் சர்க்கரைக்கு ஈயம் இல்லாத இந்த முறையைத் தன் முறைநூலில் சேர்த்துப் பல வருடமாகிறது.

விலைதான் முதல் தடை. அடுத்தது நுணுக்கம். மஞ்சள் ஒளியில் திரும்பும் கோணத்தில் பாதிகூட இந்த ஒளியில் திரும்பாது, அதனால் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். ஒளியைத் தெரிந்த அளவு திருப்பும் குவார்ட்ஸ் தகடு வைத்து அன்றாடம் சரிபார்க்க வேண்டும். எங்கள் கடலோரப் புழுக்கத்தில் குழாயின் கண்ணாடியில் நீர் பூத்தாலே எண் ஆடும், வெப்பத்தை 20 டிகிரியில் நிறுத்தும் உறை உள்ள கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆலைகளில் 'நியர்' என்று இன்னொரு கருவியையும் சொல்வார்கள். அதுவும் அகச்சிவப்பில்தான் வேலை செய்யும், ஆனால் கரும்பின் மீது ஒளியைப் பாய்ச்சி, பழைய எண்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது. விற்பனையாளரிடம் எது என்று தெளிவாகக் கேளுங்கள்.

இந்த முறையில் ஒளிந்திருக்கும் ஆபத்து வடிகட்டும் தூள். கீசல்கர் என்று வாங்குவோமே, நுண்பாசிகளின் ஓடு படிந்து உண்டான மண். அதைச் சோடா உப்போடு சூளையில் சுட்டு வெண்மையாக்கிய ரகம் வேகமாக வடிக்கும், அதனால் எல்லாரும் அதையே கேட்பார்கள். சுடும்போது அதிலுள்ள சிலிக்கா கணிசமான அளவு கிரிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறிவிடும். மூச்சில் போகும் படிகச் சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும், புற்றுநோயும் தரும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை அதை உறுதியானவை என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. கனிம ஈயச் சேர்மங்களை அதே முகமை 2006-ல் ஒரு படி கீழே, 'அநேகமாக' என்ற வகுப்பில்தான் வைத்தது.

அப்படியானால் ஈயமே மேல் என்று ஒருவர் என்னிடம் அந்தப் பட்டியலைக் காட்டி வாதாடினார். அந்த வகுப்புகள் புற்றுநோய்க்கு எவ்வளவு உறுதியான சான்று இருக்கிறது என்று சொல்பவை. எது எந்த வழியில் உள்ளே வருகிறது, எதைத் தடுக்க முடியும் என்பதை அவை சொல்லாது. சிலிக்கா மூச்சு வழியாக வந்தால்தான் ஆபத்து. விரலில் ஒட்டி வாய்க்குள் போனால் இந்தக் கேடு இல்லை, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. சுடாத ரகத்தை வாங்கி, பாதுகாப்புத் தரவுத் தாளில் படிகச் சிலிக்காவின் சதவீதத்தைப் பார்த்து, காற்றை இழுக்கும் பெட்டிக்குள் வைத்து அளந்து, முதலிலேயே தண்ணீரில் குழைத்து வைத்துக்கொண்டால் தூசி எழ வழியில்லை. சுடாத ரகம் மெதுவாக வடிக்கும், அந்த நேரத்தை நான் கொடுக்கத் தயார்.

மூன்றாவது, எச்.பி.எல்.சி. என்ற பகுப்பாய்வுக் கருவி. சர்க்கரையை மட்டும் பிரித்து எண்ணித் தரும், ஃபிரக்டோஸ் குழப்பம் இல்லை. ஆராய்ச்சிக்கும் மாதாந்திர மொலாசஸ் கணக்குக்கும் அருமையானது. லாரி வரிசையில் நிற்க, மணிக்கு மணி எண் கேட்கும் மேசைக்கு ஒத்துவராது.

இவற்றில் எதை எடுத்தாலும் ஆய்வுக்கூடம் தானாக மாற்றிவிட முடியாது. இங்கே 2000-லிருந்து விவசாயிக்குப் பணம் கொடுப்பது 'மீட்கத்தக்க மதிப்பு' என்ற கணக்கில். சர்க்கரையிலிருந்து, சர்க்கரை அல்லாத கரைபொருளுக்கும் நாருக்கும் ஒரு பங்கு கழிப்பார்கள். போல் ஒரு புள்ளி ஆடினால் யாரோ ஒருவர் வீட்டு வருமானம் ஆடும். கரும்பு போடுபவர்களில் நம்மவர்களும் சிறு நிலக்காரர்களான ஜூலு மக்களும் இருக்கிறார்கள். ஆகவே விவசாயிகள் தரப்பையும் ஆலைத் தரப்பையும் மேசையருகே நிறுத்தி, ஒரே சாற்றை இரண்டு முறையிலும் அவர்கள் கண்முன் படித்துக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே மாற்ற வேண்டும்.

என் முடிவு இது. அன்றாடச் சாற்றுக்கும் சர்க்கரைக்கும் அகச்சிவப்புப் போலரிமீட்டர், சுடாத கீசல்கரோடு. பணம் இந்தப் பருவம் கிடைக்காவிட்டால் அலுமினியத் தூளில் தொடங்கி அடுத்த பருவம் கருவிக்குப் போகலாம். கருவி வந்த பிறகும் அந்தத் தூளில் இரண்டு டப்பா அலமாரியில் இருக்கட்டும். விளக்கு பழுதானால் பழைய போலரிமீட்டரை எடுத்து வேலையை ஓட்டலாம். மொலாசஸை வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம்.

இன்னும் ஒரு பருவம் லெட்டோடுதான் என்று நிர்வாகம் சொல்லும் ஆலைகள் இருக்கும். அங்கே நிற்பவர்களுக்கு: தூளைத் தனி மேசையில், காற்றை இழுக்கும் பெட்டிக்குள் மட்டும் எடை போடுங்கள். நைட்ரைல் கையுறையும் எஃப்.எஃப்.பி.3 ரகத் தூசி முகமூடியும் வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், காற்றுக்குழாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் ஈயக் கழிவில் போடுங்கள். சானிடைசர் ஜெல் ஈயத்தை எடுக்காது, சோப்பும் தண்ணீரும் நகத்துக்கு ஒரு பிரஷ்ஷும் வேண்டும். கோட்டு ஆலையிலேயே இருக்கட்டும், அங்கேயே வெளுக்கட்டும். காலணியையும் அங்கேயே மாற்றுங்கள். பாலும் வெல்லமும் சாப்பிட்டால் தூசி கழுவிப்போகும் என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்பிக் கையுறையைக் கழற்றாதீர்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும் என்பது உண்மை, நல்ல சாப்பாடு அந்த அளவுக்கு உதவும். பருவம் தொடங்கும் முன் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஈயத்தோடு வேலை செய்பவர்களுக்கென்று 2002-ல் இங்கே அரசிதழில் வந்த விதிகளில் மருத்துவக் கண்காணிப்பும் உண்டு, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள், ஆகலாம் என்று இருப்பவர்கள், பால் கொடுப்பவர்களை அந்த மேசையில் நிறுத்தக் கூடாது, அதற்காக ஒரு ரேண்ட்கூடச் சம்பளம் குறையக் கூடாது.

எங்கள் அலமாரியில் நான்கு பாட்டில் லெட் மிச்சம் இருந்தது, ஒன்று உடைத்தது. "தொட்டியில் கரைத்து ஊற்றிவிடலாமே, வெள்ளைத் தூள்தானே" என்றார் ஒருவர். அந்தக் குழாய் போய்ச் சேரும் ஆற்றில் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள். நான்கையும் மூடி இறுக்கி, இரட்டைப் பையில் போட்டு, மேலே 'காரீயம், நச்சு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி, பழைய வடிதாள்கள் இருந்த டிரம்மோடு உரிமம் பெற்ற அபாயக் கழிவு வண்டிக்குக் கொடுத்து ரசீது வாங்கினேன். ஸ்டாங்கர் பெண்ணுக்குப் பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து அவர் வரும்போது எடை போடும் மேசையில் புதுக் கருவி இருக்க வேண்டும் என்பதற்காக, ஏப்ரல் முதல் வாரத்துக்கே தேதி போட்டு ஆர்டரில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.